மலைநாட்டு ஹோட்டல்களும் நம் பழைய மண்டபமும்

(சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் கட்டிட உபகுழுவினர் ஆற்றிய உரை)

 



சென்ற பொதுக்கூட்டத்தில் எங்கள் ஐந்து பேரிடமும் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பாடசாலையின் தெற்குப் பக்கத்துப் பழைய மண்டபத்தை இடித்துவிட்டு மூன்று மாடிக் கட்டிடம் எழுப்புவதா, அல்லது மண்டபத்தைத் திருத்திப் பாவிப்பதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். நாங்கள் மண்டபத்தை அளந்தோம்; மேசன்மாரையும் ஓடாவிமாரையும் கூட்டி வந்து காட்டினோம். அதன் பிறகு நுவரெலியாவுக்கும் போய் வந்தோம். "மண்டபத்தைப் பார்க்கச் சொன்னால் குளிர் பார்க்கப் போய்விட்டார்கள்" என்று சிலர் சிரித்தது எங்கள் காதிலும் விழுந்தது. போன செலவு எங்கள் சொந்தச் செலவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏன் போனோம் என்பதைச் சொல்லத்தான் இந்த உரை.

இந்த யோசனையைக் கிளப்பியவர் ஸ்கொட்லாந்தில் வாழும் நம் பழைய மாணவி ஒருவர். பேர்த் என்ற ஊரில் உள்ள சலுட்டேஷன் ஹோட்டலின் படங்களை அவர் எங்களுக்கு அனுப்பியிருந்தார். 1699 முதல் நடந்து வருவதாகச் சொல்லப்படும் ஹோட்டல் அது. கடைத்தெருவிலே மற்றக் கட்டிடங்களோடு தோள் சேர்த்து நிற்கிறது. முகப்பின் நடுவில் வளைவு வைத்த பெரிய யன்னல். பக்கத்தில் மலைநாட்டுப் படைவீரர் உருவங்கள். "முந்நூறு வருடமாக ஒரே இடத்தில் சோறு போடுகிறார்கள். நாம் நூறு வருட மண்டபத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறோமே" என்று படங்களோடு எழுதியிருந்தார். அந்த வரி எங்களைக் கொஞ்சம் சுட்டது.

ஸ்கொட்லாந்தின் ஊர்களிலே இப்படியான பழைய ஹோட்டல்கள் முதலில் குதிரை வண்டிப் பயணிகள் தங்கும் விடுதிகளாக இருந்தவை. தெருவைப் பார்த்த முகப்புக்குக் கீழே வளைந்த ஒரு வாசல் வழி இருக்கும். வண்டி அதனூடாக நுழைந்து பின்முற்றத்துக்குப் போகும். குதிரை லாயம் அங்கே. சுவர் தடித்த கல். கூரை செங்குத்து, மேலே பலகைக்கல் ஓடு. மழையும் பனியும் தங்காமல் வழிந்து போகவே அந்தச் சரிவு. பக்கச் சுவரின் உச்சி பல இடங்களில் படிக்கட்டுப் போலக் கல்லால் ஏறி இறங்கும். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மோகம் வந்தது. வால்டர் ஸ்கொட் என்ற நாவலாசிரியர் 1824 அளவில் கட்டி முடித்த அப்பொட்ஸ்ஃபோர்ட் வீடும், 1856 இல் விக்டோரியா மகாராணிக்காகக் கட்டி முடிந்த பல்மோரல் மாளிகையும் எல்லாருக்கும் முன்மாதிரி ஆகின. பழைய கோட்டைகளின் கூம்புக் கோபுரங்களும் படிவைத்த சுவர்களும் புதுக் கட்டிடங்களில் முளைத்தன. ரயில் வந்த ஊர்களில் எழுந்த ஹோட்டல்களும் கோட்டை வேஷம் போட்டுக்கொண்டன. சண்டை முடிந்து நூறு வருடத்துக்குப் பிறகு கட்டிய கோட்டைகள் அவை. உள்ளே வெந்நீரும் பியானோவும்.

இந்த வேஷம் கப்பல் ஏறி நம் நாட்டுக்கும் வந்தது. கோப்பித் தோட்டங்களிலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் துரைமாராக இருந்தவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் அந்த நாட்டவர். தேயிலையைப் பெட்டியில் போட்டு உலகுக்கு விற்ற லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். தோட்டங்களின் பெயரைக் கேட்டாலே போதும்: அப்பொட்ஸ்ஃபோர்ட், பல்மோரல், ஹொலிறூட், கலிடோனியா. ஸ்கொட்டின் வீட்டுப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்ட தோட்டத்திலே கொழுந்து பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். நுவரெலியாவின் கோல்ஃப் மைதானத்தை 1889 இல் தொடங்கி வைத்தவர்களும் கோர்டன் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்டிஷ் படையைச் சேர்ந்தவர்களே. அந்தப் புல்வெளியின் ஓரத்தில் நிற்கும் ஹோட்டலுக்கு ஸ்கொட்லாந்தின் காவல் புனிதரான சென் அன்றூஸின் பெயர்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். நம் ஊரில் வேர்த்துக் கொட்டும் நேரத்தில் அங்கே ஸ்வெட்டர் தேட வேண்டும். முதலில் கிராண்ட் ஹோட்டலைப் பார்த்தோம். அதன் அடிப்படை ஹோட்டலே அல்ல. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற தேசாதிபதி 1820களின் பிற்பகுதியில் தமக்குக் கட்டிய ஓய்வு வீடு. பல கை மாறி, அந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஹோட்டலாகி, பிறகு பக்கத்திலும் முன்னாலும் வளர்ந்தது. இன்று நாம் காணும் முகப்பு ஆங்கிலேயரின் எலிசபெத் காலத்துப் பாணி: வெள்ளைச் சுவரில் கறுத்த மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக. ஆக, இது ஸ்கொட்டிஷ் அல்ல, இங்கிலாந்து. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் பேர்த்திலுள்ள நம் தங்கை இதைக் கேட்டால் கோபிப்பார்.

கல்லின் கனத்தைப் பார்க்க வேண்டுமானால் ஹில் கிளப்புக்குப் போக வேண்டும். 1876 இல் தோட்டத்துரைமார் தொடங்கிய சங்கம் அது. சாம்பல் நிறக் கற்சுவர், தாழ்ந்த நுழைவாசல், சுவரில் மான் தலைகள், எரியும் கணப்படுப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கழுத்துப்பட்டி கட்ட வேண்டும் என்ற வழக்கத்தை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள். படுக்கையில் வெந்நீர்ப் போத்தல் வைத்துத் தருவதும் அங்கத்தைய மரியாதை. ஆண்களுக்கு மட்டுமென்று ஒரு மதுச்சாலையும் இருந்தது. சுதந்திரம் கிடைத்து ஏறத்தாழ இருபது வருடம் கழிந்த பிறகுதான் இந்த நாட்டவர்களை அங்கத்தவராகச் சேர்த்தார்கள். அங்கே நின்றபோது எங்களில் மூத்தவர் சொன்னார்: "எந்த வாசலால் யார் போகலாம் என்பதை இந்தச் சுவர் எழுதி வைத்திருக்கிறது, பார்த்தீங்களா?" பெண்களுக்கு வேறு வாசல் என்பது எங்களுக்குப் புதிதல்ல, நம் ஊர்க் கலியாண வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நம் ஊரில் அந்த வேறு வாசல் உள்ள வீடே பெண்ணின் பெயரில் இருக்கும். அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறோம்.

இந்தக் கட்டிடங்களுக்கு மேலே பெரும்பாலும் பலகைக்கல் கிடையாது. தகரம்தான், சிவப்புப் பூச்சோடு. காரணம் எளிது. ரயில் நானுஓயாவை எட்டியது 1885 இல். அதற்கு முன் எல்லாம் மாட்டு வண்டியிலும் ஆள் தலையிலும் ஏற வேண்டும். நெளிதகரம் பாரம் குறைவு, அடுக்கலாம், உடையாது. ஸ்கொட்லாந்தின் சரிவை வைத்துக்கொண்டு அதன் கல்லை விட்டுவிட்டார்கள். பனி கொட்டாத மலையில் சரிவு எதற்கு என்று கேட்கலாம்; அங்கே பெய்யும் மழையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். இங்கேதான் எங்களுக்கு முதல் பாடம் கிடைத்தது. இந்தக் கட்டிடங்கள் எல்லாம் காற்றை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டவை. யன்னல் சிறிது, கதவு தடிப்பு, நடுவில் நெருப்பு. நம் மண்டபமோ காற்றை உள்ளே அழைப்பதற்காகக் கட்டப்பட்டது. இரண்டு பக்கமும் விறாந்தை, எதிரெதிரே பத்துக் கதவு, மேலே மரச் சட்டப் பலகணி. சோழகக் காற்றிலும் மின்விசிறி இல்லாமல் நாம் அங்கே பரீட்சை எழுதியது அதனால்தான். புதிய மூன்று மாடிக்கான வரைபடத்தைப் பார்த்தோம். விறாந்தை ஒரு பக்கம் மட்டும், யன்னல் நழுவும் கண்ணாடி. இது கண்டிக்கும் குளிர்காலத்துக்குக் கூடப் பொருந்தாது, கல்முனை வெயிலுக்கு எப்படிப் பொருந்தும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது கந்தப்பளைக்கு அருகே உள்ள ஹெதர்செட். அது அரண்மனையோ கிளப்போ அல்ல. கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை. தேயிலைத் தொழிற்சாலையின் வடிவம் எல்லாருக்கும் தெரியும்: நீளப் பெட்டி, மாடிக்கு மாடி வரிசையாக யன்னல். பறித்த கொழுந்தை மேல் மாடிகளில் பரப்பிக் காற்றில் வாட்ட வேண்டும் என்பதற்கே அத்தனை யன்னல். கீழே உருளை, அடுப்பு, இயந்திரம். 1996 இல் இதை ஹோட்டலாக மாற்றியபோது வெளித்தோற்றத்தைத் தொடவில்லை. கொழுந்து வாடிய மாடிகள் படுக்கையறைகள் ஆகின. யன்னல் வரிசை அப்படியே. பழைய இயந்திரத்தையும் கட்டிடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஒரு வேலைக்காகக் கட்டிய கட்டிடம் அந்த வேலை போன பிறகும் தன் உடம்பை மாற்றாமல் வேறு வேலை பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் நாங்கள் காணவில்லை. அங்கே நின்ற தமிழ்ப் பணியாளர் தம்பி ஒருவரிடம் இந்தச் சுவரைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டோம். "எங்க தாத்தன் பாட்டன் மாதிரி ஆக்கள்தான் மெடம்" என்றார். கல் சுமந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. கிராண்டிலும் இல்லை, கிளப்பிலும் இல்லை.

ஹோட்டலாக்கினால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நுவரெலியாவின் நடுவில் சிவப்புச் செங்கல்லில், மணிக்கூண்டோடு ஒரு தபாலகம் இருக்கிறது; 1894 இல் கட்டியது. முத்திரை வாங்க, காசுக்கட்டளை மாற்ற மக்கள் இன்றும் ஏறிப் போகும் படி அது. அதை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்கு ஊழியர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. தொழிற்சாலை கைவிடப்பட்டுக் கிடந்தது. தபாலகம் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு பொதுக் கட்டிடம் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையை இன்னும் செய்யுமானால் அதற்குச் செய்யக்கூடிய சிறந்த பராமரிப்பு அந்த வேலையை விடாமல் செய்ய விடுவதுதான்.

நம் கரையோரத்தில் இவ்வளவு பெரிய ஹோட்டல் எழவில்லை. நமக்கு இருந்தது வாடிவீடு. ஆங்கிலேயர் காலத்து உத்தியோகத்தர் ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கிய வீடுகள். நடுவில் சாப்பாட்டறை, இரு பக்கமும் இரண்டு மூன்று படுக்கையறை, முன்னால் ஆழமான விறாந்தை, குசினி தனியாகப் பின்னால். கல்முனையில் வாடிவீட்டு வீதி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. நம் மண்டபத்தின் விறாந்தையையும் தூண்களையும் பார்த்தால், கட்டிய மேசன்மாருக்கு முன்மாதிரி வாடிவீடாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இது எங்கள் ஊகம்.

பழைய கட்டிடம் என்பது இந்தக் கரையிலே சாதாரண விஷயம் அல்ல. 1978 நவம்பர் சூறாவளியில் கூரைகள் போயின. 2004 டிசம்பர் 26 இல் கடலே வந்தது. இந்த நாட்டில் அன்று ஆகக் கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை. இங்கே இருப்பவர்களில் அன்று ஒருவரையும் இழக்காத குடும்பம் குறைவு. கடற்கரைப் பக்கத்தில் எத்தனை வீடுகள், எத்தனை வகுப்பறைகள் அடையாளமில்லாமல் போயின. அந்த வீடுகள் யாருடையவை? உம்மாமாருடையவை. மகள் கலியாணம் முடிக்கும்போது வீடு அவளுக்கு. உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் இந்தக் கரையில் வீடு கைமாறியது. கடல் அழித்த பிறகு கட்டிக் கொடுத்த புது வீடுகளில் பலவற்றின் உறுதி குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் எழுதப்பட்டது. பெண்ணின் வீடு போன இடத்தில் ஆணின் வீடு வந்தது. இதைப் பற்றிப் பேசினால் இந்த நாள் போதாது. நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்: வீட்டுக்காரிகள் என்ற கண்ணோடு கட்டிடத்தைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கூரை ஒழுகினால் எந்தக் கைமரம் உளுத்தது என்று மூத்தம்மா கீழே நின்றே சொல்லுவார்.

இனி இடிக்க வேண்டும் என்பவர்களின் நியாயம். அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளைகள் கூடிவிட்டார்கள், வகுப்பறை போதாது. மழைக்கு மண்டபத்தின் கிழக்கு மூலை ஒழுகுகிறது. தாய்மார் கேட்கிறார்கள்: "எங்கட பிள்ளைக்குப் படிக்க இடம் வேணும், உங்கட நினைவுகளுக்கு இல்ல." இது சரியான பேச்சு. சுவரைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளை மரத்தடியில் இருந்தால் அந்தச் சுவரை நாங்களே இடிப்போம்.

ஆனால் அளந்து பார்த்தபோது விஷயம் வேறாகத் தெரிந்தது. மண்டபத்தின் சுவர் ஒன்றரை அடித் தடிப்பு, சுண்ணாம்புச் சாந்து. அதில் வெடிப்பு இல்லை. பூச்சு உதிர்வதற்குக் காரணம் பிற்காலத்தில் மேலே பூசிய சீமெந்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சீமெந்து அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடுகிறது. சீமெந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினால் சுவர் மூச்சு விடும். ஒழுகலுக்குக் காரணம் சூறாவளிக்குப் பிறகு போட்ட அஸ்பெஸ்டஸ் தகடும் அடைபட்ட பீலியும். அந்தத் தகடு பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த முடிவு எடுத்தாலும் அது முதலில் போக வேண்டும், அதுவும் தெரிந்தவர்களைக் கொண்டு, உடைக்காமல். கடற்காற்று வீசும் ஊரில் கொங்கிரீற்றுக்குள் இருக்கும் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடித்து வெடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும். மூன்று மாடி நிரந்தரம், பழைய மண்டபம் தற்காலிகம் என்று நினைப்பது இந்தக் கரையில் கணக்குத் தப்பும்.

இந்த இடத்தில் இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரரைச் சொல்ல வேண்டும். பற்றிக் கெடெஸ். அந்த சலுட்டேஷன் ஹோட்டல் நிற்கும் பேர்த் ஊரிலேயே வளர்ந்தவர். 1886 இல் மனைவி அன்னாவோடு எடின்பரோவின் பாழடைந்த பழைய நகரக் குடியிருப்பு ஒன்றிலே போய்க் குடியேறி, அந்த முற்றத்தைக் கூட்டி, வெள்ளையடித்து, பூச்செடி வைத்து அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துத் திருத்தத் தொடங்கியவர். பிறகு இந்தியா வந்தார். 1915 இல் மதராஸ் மாகாண நகரங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1921 இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் எழுதினார். தஞ்சாவூரில் பொறியியலாளர்கள் வீடுகளை இடித்து நேராக வீதி வெட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்து, உண்மையிலேயே விழப்போகிற சில வீடுகளை மட்டும் எடுத்து, அந்த இடத்தை வெளிச்சமாக்கி, மற்றவற்றைத் திருத்தினால் போதும், செலவும் மிகக் குறைவு என்று காட்டினார். வைத்தியர் கெட்ட பல்லை மட்டும் பிடுங்குவது போல. தன் ஊர் வடிவத்தை நம் ஊரில் கொண்டுவந்து ஒட்டியவர்கள் பலர். நம் ஊரின் வடிவத்தைப் பார்க்கச் சொன்னவர் இவர்.

அந்த முறையில் நம் வளவைப் பார்த்தோம். கெட்ட பல் மண்டபம் அல்ல. மண்டபத்துக்கு மேற்கே 1980களில் ஒட்டிக் கட்டிய களஞ்சியமும், பாவனையில் இல்லாத தண்ணீர்த் தொட்டியும்தான். அவற்றை எடுத்தால் கிடைக்கும் நிலத்தில் இரண்டு மாடியில் ஆறு வகுப்பறை கட்டலாம். மண்டபம் நூலகமாகவும் பரீட்சை மண்டபமாகவும் இருக்கட்டும். மூன்று மாடித் திட்டத்தில் ஒன்பது வகுப்பறை. அதில் மூன்றை நாம் இழக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அந்த மூன்றுக்குப் பதிலாக மண்டபத்தின் வடக்குப் பாதியை மரத் தட்டியால் பிரிக்கலாம் என்பது எங்கள் யோசனை. எங்கள் ஐவரில் ஒருவர் இதற்கு உடன்படவில்லை. தட்டி வைத்த மண்டபத்தில் சத்தம் கடக்கும் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் அவருக்கும் பேச நேரம் தர வேண்டுகிறோம்.

இரண்டு மதிப்பீடுகளையும் செயலாளர் அடுத்து வாசிப்பார்.

அதற்கு முன் உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரை எந்த நாட்டில் இருந்து வாசித்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பெட்டியிலோ உம்மாவின் அலுமாரியிலோ 1978 சூறாவளிக்கு முன் எடுத்த வகுப்புப் படம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மண்டபத்துக்கு அப்போது இருந்தது கள்ளிக்கோட்டை ஓடு என்பது மூத்தவர்களின் ஞாபகம். முகட்டில் பூ வைத்த ஓடு இருந்ததா, சாதாரண ஓடா, விறாந்தைக் கூரை அதே சரிவிலே இறங்கியதா அல்லது ஒரு படி தாழ்ந்து தொடங்கியதா என்பதில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். படத்தில் நிற்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒரு சாண் கூரை தெரிந்தால் போதும். ஓடாவிக்கு அதைக் காட்டி வேலையைத் தொடங்கலாம். படத்தைத் திருப்பி அனுப்புவோம். பின்பக்கத்தில் பெயரும் வகுப்பும் எழுதி அனுப்புங்கள்.